ஆறு பேர்தான் வந்தார்கள்

சாவடியில் டயருக்கு மருந்தடித்தார்களாம்,
பறவைக் காய்ச்சல்.
கோழியே ஏறாத வேன்
ப்ளீச்சிங் நாற்றத்தோடு வந்து நின்றது
பாக்குமரக் கோல்கம்பத்துக்கு நேரே.
கதவு திறந்ததும் தலையை எண்ணினேன்.
ஆறு.
ஏழாமவளுக்குப் பாலக்காட்டில்
நர்சிங் பரீட்சை.

முதலில் இறங்கியவள் ரம்லத்.
போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில்
எங்கள் மாசாணியின் காறை எலும்பை உடைத்தவள்.
விதிப்படிதான் பிடித்தாள்.
விதிப்படிதான் உடைந்தது.
ஆறு வாரம் மாசாணி
நார் மில்லில் ஒற்றைக் கையால்
மட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்,
பாதிக் கூலிக்கு.

"வாங்கொ" என்றேன்.
பகையாளி வந்தாலும் கோபாலபுரத்தில்
முதல் சொல் அதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.
போசியில் மோர் வைத்திருந்தோம்.
வேகவைத்த நிலக்கடலை, எங்கள் காட்டுக் காய் அல்ல,
சந்தையில் வாங்கியது,
அதையும் சொல்லிவிட்டேன்.
ரம்லத் ஒரு மஞ்சள் பையை நீட்டினாள்.
அவள் உம்மா வறுத்த நேந்திரங்காய்.
யாருக்கென்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
பை கைமாறிக் கைமாறி
மாசாணியின் மடியில் போய் உட்கார்ந்தது.

ஆடிக் காற்று. கணவாயைத் தாண்டியதும்
அதற்குத் தடுப்பதற்கு யாருமில்லை.
களத்தில் காயவைத்த நார்த்தூள் எழும்பி
சுண்ணாம்புக் கோட்டை மூடியது.
மூன்று முறை போட்டோம்.
நான்காம் முறை தேவசகாயம் சார்
டப்பாவைக் கீழே வைத்துவிட்டு
"குத்துமதிப்பா ஆடுங்க" என்றார்.

காசு சுண்டியதில் அவர்கள் ஜெயித்தார்கள்,
காற்றை எடுத்துக்கொண்டார்கள்.
"காத்து எப்பவுமே உங்க ஊர்க்காரந்தானே" என்றேன்.
கொழிஞ்சாம்பாறைத் தமிழில் ரம்லத் சொன்னாள்:
"அவனுக்கு ரெண்டு பக்கமும் ரேஷன் கார்டு உண்டு."

ஆறு பேரை எதிர்த்து ஏழு பேர்
ஆடலாமா கூடாதா என்று
சார் வண்டிப் பெட்டிக்குள் விதிப் புத்தகத்தைத் தேடினார்.
எங்களிடம் எட்டுப் பேர்.
எட்டாவது மாசாணி.
இந்தப் பருவம் வேண்டாமென்று
அவளை வெளியே உட்கார வைத்தவள் நான்.
அவள் நன்மைக்குத்தான்.
அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

மாசாணி எழுந்தாள், வாய் நிறைய வறுவலோடு.
அவர்களுடைய நீலச் சட்டையை வாங்கித்
தலைவழியே மாட்டினாள்.
இடது கை உயரும்போது பாதியில் நின்றது.
ரம்லத் பின்னாலிருந்து
சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.
ஏதாவது பேசிக்கொண்டார்களா, தெரியாது.
காற்று எதையும் காதுக்கு விடவில்லை.

முட்டைப்பந்து என்பார்கள் ஊரில்.
இதில் பந்தை முன்னே எறியக் கூடாது.
ஓடுவது முன்னே,
கொடுப்பது பின்னால் வருகிறவளுக்கு.
திரும்பிப் பார்க்க நேரமிருக்காது,
வருவாள் என்று கையை வீச வேண்டியதுதான்.
ஐந்தாம் நிமிடம் ரம்லத் அப்படி வீசினாள்.
மாசாணி வந்துகொண்டிருந்தாள்.

எனக்கு நேர் எதிரே.
எந்தத் தோள் என்று எனக்குத் தெரியும்.
பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வரைக்கும்
ஆட்டோ குலுங்கும்போதெல்லாம்
அந்தத் தோளை அணைத்துப் பிடித்திருந்தேன்.
அதை விட்டு இடுப்புக்குப் பாய்ந்தேன்,
அரை நொடி தாமதம்,
கைக்கு வந்தது ஒரு பிடி நார்த்தூள்.
கோட்டைத் தாண்டி,
இல்லை, கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி,
அவள் பந்தை மண்ணில் அமுக்கினாள்.
ஐந்து புள்ளி, எங்களுக்கு எதிராக.

எங்கள் பிள்ளைகளே கைதட்டிவிட்டார்கள்.
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
மாசாணி மண்ணைத் துப்பியபடி வந்தாள்.
"ஏன் புள்ள தோளுக்கு வர்ல?"
பதில் சொல்லவில்லை நான்.
"அடுத்த வாட்டி வா."

இரண்டாம் பாதியில் காற்று எங்களுடையது.
போனேன்.